பெரும்பாறையில் நின்றுபோன பாட்டு

காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் பெரும்பாறைத் தோட்டங்களுக்குள் இறங்கினால், ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே பாட்டு காதில் விழும். சில்வர் ஓக் மரத்தடியில், மிளகுக் கொடி படர்ந்த நிழலில், யாரோ ஒருவர் இடுப்பில் கட்டிய பையிலிருந்து ஒரு பட்டன் போன் பாடிக்கொண்டிருக்கும். நாலு வரிசைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று வேறு பாட்டு பாடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

சித்தரேவிலிருந்து வளைவு வளைவாக ஏறும் பேருந்தில் எல்லோர் கையிலும் டச் போன் இருக்கிறது. ரோட்டு மேட்டில் நின்றால் டவரும் கிடைக்கிறது. தோட்டத்துப் பள்ளத்துக்கு இறங்கியதும் அது போய்விடும். புல்லாவெளி அருவிப் பக்கம் மஞ்சு இறங்கிவிட்டால் மேட்டிலும் நிச்சயமில்லை. அதனால் கீழ்ப்பழனி மலையில் நெட்டில் பாட்டு கேட்பது ரோட்டோரத்து வசதி. தோட்டத்துக்குள் பாட்டு என்றால் இரண்டே வழிதான். ஒன்று, 100.5-ல் கோடைப் பண்பலை. இன்னொன்று, சிப்பு. மெமரி கார்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தச் சிப்பு ஒருநாள் நின்றுபோகும். பாதிப் பாட்டில் நிற்கும். அல்லது நானூறு பாட்டு இருந்த இடத்தில் ஒன்றுகூடக் காட்டாது. அப்போது எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "சிப்பு அடிச்சிருச்சுண்ணே." அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது எட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கார்டின் குற்றமே இல்லை. அது தெரியாததால் உயிரோடிருக்கும் கார்டுகள் குப்பைக்குப் போகின்றன. அதைவிடக் கொடுமை, திரும்பக் கிடைக்காத குரல்களும் படங்களும் ஒரு பொத்தானை அழுத்தியதில் அழிகின்றன. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நகத்தளவு பெட்டி

சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். முதுகில் எட்டுத் தங்க நிறப் பட்டைகள். உள்ளே பாட்டு எப்படி இருக்கிறது? கேசட்டில் காந்தத் தூளாக இருந்தது. இதில் மின்சாரமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எந்த அறையில் எவ்வளவு அடைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அதுதான் பாட்டு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த முறை இது. ஒரே வீச்சில் மொத்தமாக அழிப்பதைப் பார்த்த அவருடைய சகா ஒருவருக்கு கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் ஞாபகம் வந்ததாம். ஃபிளாஷ் மெமரி என்ற பெயர் அப்படி வந்தது. 2004-ல் சான்டிஸ்க் நிறுவனம் இந்தக் குட்டி அளவைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் மைக்ரோ எஸ்டி என்று பெயர் சூட்டி உலகமே ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு அது சரியான நேரத்தில் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியது. 2014 நவம்பரில் அது மூடப்படும்வரை அங்கிருந்து வந்த போன்கள் தமிழ்நாட்டின் எல்லா மலைக்கும் ஏறின. அதே காலத்தில் சத்தமான ஸ்பீக்கர் வைத்த மலிவான சீன போன்களும் வந்தன. கேசட் காலத்தில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ போய், பதிவு செய்யும் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்குவோம். 90 நிமிடக் கேசட்டில் இருபது பாட்டு அடங்கினால் பெரிது. செல் கடை வந்ததும் கார்டைக் கொடுத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் நானூறு பாட்டு ஏறியிருக்கும். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி.; ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து. 2 ஜி.பி. கார்டுக்கு நானூறு என்ற கணக்கு அப்படி வந்ததுதான். அந்த நானூறில் ஒன்றுக்குக்கூட இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ காசு போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது சரியல்ல. ஆனால் மலைக்கு மேல் வேறு வழியில் பாட்டு கொண்டுவந்து கொடுக்க அன்றைக்கு யாரும் முன்வரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

முதலில் யார் குற்றம்?

பாட்டு நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம் மிக எளிது. கார்டை இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே பாடினால் கோளாறு பெரும்பாலும் உங்கள் போனில். அங்கேயும் பாடாவிட்டால் கார்டிலோ அதில் ஏற்றிய பாட்டிலோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே புது கார்டு வாங்கியவர்கள் ஏராளம்.

கார்டு இருப்பதையே போன் காட்டவில்லை என்றால், போனை அணைத்துவிட்டு கார்டை எடுத்து அந்த எட்டுப் பட்டைகளைப் பாருங்கள். மலைக்காற்றின் ஈரமும் சட்டைப்பை வியர்வையும் படிந்து அவை மங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு தடவை தேய்த்து, தூளை ஊதாமல் பருத்தித் துணியால் துடைத்துப் போடுங்கள். ஊதினால் வாயின் ஈரம் படும். நாக்கில் தொட்டுத் துடைப்பது இன்னும் மோசம், எச்சிலும் ஈரம்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், போகும் கார்டுகளில் பல இந்த ரப்பருக்குத் திரும்பிவிடும் என்பது என் அனுபவம்.

ஈரம் செய்யும் இன்னொரு வேலையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஹெட்செட் போட்டுக் கேட்கும்போது பாட்டு தானாக நிற்கும், தானாக ஓடும், யாருக்கோ போன்கூடப் போகும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஹெட்செட் வயரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? மைக் கம்பியும் பூமிக் கம்பியும் ஒரு நொடி ஒட்டிக்கொள்கின்றன. 'நிறுத்து' என்று போன் அதை எடுத்துக்கொள்கிறது. ஹெட்செட் செருகும் துளைக்குள் மஞ்சின் ஈரமோ வியர்வையோ இறங்கினால், யாரும் அழுத்தாமலேயே அந்த இரண்டும் ஒட்டும். ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். பாட்டு நிற்காமல் ஓடினால் கார்டு நிரபராதி. துளையை ஒருநாள் உலரவிட்டால் போதும். அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம்.

டச் போன்களில் இன்னொன்று உண்டு. திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பாட்டும் அணைந்தால், சார்ஜைச் சேமிக்கிறேன் என்று போன்தான் பாட்டு ஆப்பை மூடிவிடுகிறது. செட்டிங்கில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் தீர்ந்தது.

இடமிருக்கிறது, ஆனால் நிறைந்துவிட்டது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. 2 ஜி.பி. கார்டு, பாதிகூட நிரம்பவில்லை. ஆனால் புதுப் பாட்டு ஏற்றப் போனால் இடமில்லை என்கிறது. நூறு பாட்டுக்கு மேல் ஏற மறுக்கிறது. கடைக்காரர் கார்டு போலி என்பார். வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை.

கார்டுக்குள் பாட்டு ஒரு பக்கமும், எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற பேரேடு ஒரு பக்கமும் இருக்கும். 2 ஜி.பி. வரையிலான பழைய கார்டுகளின் பேரேட்டு முறைக்கு ஃபேட்-16 என்று பெயர். அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தில் வழக்கமாக 512 வரிகள்தான். குட்டிப் பெயர் என்றால் ஒரு பாட்டுக்கு ஒரு வரி போதும். நீளப் பெயர் வந்தால் 13 எழுத்துக்கு ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும். நெட்டிலிருந்து இறக்கிய பாட்டுகளின் பெயரைப் பார்த்திருப்பீர்கள்: பாட்டு, படம், பாடகர், இறக்கிய தளத்தின் விளம்பரம் எல்லாம் சேர்ந்து நாற்பது எழுத்து இருக்கும். அப்படி ஒரு பாட்டுக்கு ஐந்து வரி போய்விடும். நூறு பாட்டில் 500 வரி தீர்ந்தது. கிடங்கு காலி, ஆனால் கணக்கர் நோட்டில் எழுத இடமில்லை என்ற கதை.

தீர்வு ஒரு நிமிட வேலை. கார்டின் வாசலிலேயே பாட்டுகளைக் கொட்டாமல், ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் போடுங்கள். ஃபோல்டரின் பேரேட்டுக்கு அந்த 512 கட்டுப்பாடு இல்லை. 'பழசு', 'புதுசு', 'சாமி பாட்டு' என்று மூன்று ஃபோல்டர் இருந்தால் பட்டன் போனில் தேடுவதற்கும் சுலபம்.

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு. பெரிய கார்டு வாங்கிப் பழைய போனில் போட்டால் தெரியாது. 32 ஜி.பி. வரை ஃபேட்-32 என்ற பேரேடு. 64-லிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறு பேரேடு. பழைய போனுக்கு இரண்டாவது பாஷை வாசிக்கத் தெரியாது. கார்டிலும் குற்றமில்லை, போனிலும் குற்றமில்லை. இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை, அவ்வளவுதான். பட்டன் போனுக்கு 32-க்கு மேல் வாங்காதீர்கள்.

பெயர் தெரிகிறது, பாடவில்லை

பட்டியலில் பாட்டு இருக்கும். தொட்டால் ஆதரிக்காத வடிவம் என்று வரும். எம்பி3 என்று வால் ஒட்டியதெல்லாம் எம்பி3 ஆகிவிடாது. உள்ளே வேறு வடிவில் இருக்கும் பாட்டுக்குப் பெயரை மட்டும் மாற்றி ஏற்றியிருப்பார்கள். டச் போன் உள்ளே எட்டிப்பார்த்து எப்படியோ பாடிவிடும். பட்டன் போன் வாலை நம்பி ஏமாறும்.

சில வீடுகளில் மகனோ மகளோ ஆசையாக பாட்டு ஆப்பில் சந்தா கட்டி, நூறு பாட்டு இறக்கி, அந்தக் கோப்புகளை அப்பாவின் பட்டன் போன் கார்டுக்கு மாற்றுவார்கள். ஒன்றும் பாடாது. ஆப்புக்குள் இறக்கிய பாட்டு பூட்டுப் போட்டது. அந்த ஆப்பிடம்தான் சாவி. எத்தனை கார்டு மாற்றினாலும் பலனில்லை.

பாட்டுகள் கார்டில் இருந்தும் பட்டியலில் வராவிட்டால் இரண்டு காரணங்களைத் தேடலாம். ஃபோல்டருக்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்த 'நோமீடியா' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருக்கலாம். இங்கே உள்ள எதையும் பட்டியலில் சேர்க்காதே என்று ஆண்ட்ராய்டு போனுக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. அதை அழித்துவிட்டு போனை அணைத்துப் போட்டால் பாட்டுகள் வரிசையில் வந்துவிடும். இரண்டாவது, பல பேர் கார்டு செருகிய கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒட்டிக்கொண்ட ஷார்ட்கட் வைரஸ். அது பாட்டை அழிப்பதில்லை. ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் பொய்யான குறுக்குவழியை வைக்கும். கம்ப்யூட்டரில் மறைத்த கோப்புகளைக் காட்டு என்று சொன்னால் எல்லாம் அங்கேயே இருக்கும்.

பொய் சொல்லும் கார்டும் ஆவி பிடித்த கார்டும்

திருவிழாக் கடையில் 64 ஜி.பி. என்று அச்சடித்து அடிமாட்டு விலைக்கு விற்கும் கார்டைப் பற்றி என்ன சொல்ல? உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும். கார்டின் மூளையாக இருக்கும் சிறு சில்லுக்கு, கேட்டால் 64 என்று சொல் என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள். முதல் 8 ஜி.பி. நன்றாக ஏறும். அதற்கு மேல் ஏற்றுவது காற்றில் போகும். இல்லாவிட்டால் பழையதன் மேல் விழும். பெயரெல்லாம் பட்டியலில் இருக்கும், தொட்டால் பாடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். கார்டு வாங்கியவுடன், எதையும் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்து வாங்குபவரிடம் இந்தப் பொய்யை விற்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

ஆவி பிடித்த கார்டு வேறு கதை. பாட்டை அழிப்பீர்கள், அழிந்துவிட்டது என்று காட்டும். போனை அணைத்துப் போட்டால் அழித்த பாட்டு அங்கேயே இருக்கும். ஃபார்மேட் போட்டாலும் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் அந்தச் சிறு அறைகளின் சுவர் கொஞ்சம் தேய்கிறது. இன்றைய மலிவுக் கார்டுகளின் அறைகள் சில ஆயிரம் தடவைகூடத் தாங்குவதில்லை. இனி எழுதினால் உள்ளதும் போகும் என்று தெரிந்ததும் பல கார்டுகள் எழுதும் கதவை நிரந்தரமாகச் சாத்திவிடுகின்றன. படிக்கும் கதவு மட்டும் திறந்திருக்கும். சாகும் கார்டு நமக்குக் கொடுக்கும் கடைசி அவகாசம் அது. அன்றைக்கே எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பாட்டு கேட்பதால் கார்டு தேய்வதில்லை, ஏற்றி அழிப்பதால்தான் தேய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருமுறை முழு கார்டையும் அழித்துப் புதுப் பாட்டு ஏற்றுபவர்கள் கவனிக்க.

கார்டை எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம். அடைத்த எலக்ட்ரான்கள் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். வெயிலில் இன்னும் வேகமாக. இதே பழனி மலையின் உச்சியில், கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் இருக்கின்றன. நூறு வருடம் கழித்தும் அவற்றை எடுத்துப் பார்க்க முடிந்தது, கம்ப்யூட்டரில் நகல் எடுக்கவும் முடிந்தது. நம் சட்டைப்பையில் இருக்கும் கார்டுக்கு அந்த ஆயுசு கிடையாது.

ஆத்தாவின் குரல்

பெரும்பாறைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம் ஒரு 2 ஜி.பி. கார்டு இருந்தது. பாட்டுகளோடு சேர்த்து அதில் அவருடைய தாயாரின், எங்கள் அப்பத்தாவின், குரலும் இருந்தது. தங்கச்சி பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அப்பத்தா தாலாட்டியதை, போனில் இருந்த ரெக்கார்டர் பொத்தானை அழுத்திப் பல நாள் பதிந்து வைத்திருந்தார். அப்பத்தா போன பிறகு, பழம் பறிக்கும் வேலை முடிந்து வந்து ராத்திரி அதைப் போட்டுக் கேட்பார்.

ஒருநாள் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டது போன். கீழே டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைப் பையன் கார்டு ரீடரில் செருகினான். கம்ப்யூட்டரும் அதே கேள்வியைக் கேட்டது. அவன் ஆமாம் என்று அழுத்திவிட்டான். "சரியாயிருச்சுங்கய்யா, பாட்டு ஏத்தித் தரவா?" என்றான். சித்தப்பாவுக்கு முதலில் என்ன நடந்தது என்றே புரியவில்லை. புரிந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டு ஏற்றச் சொல்லாமல் வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வியின் பொருள், பேரேடு கிழிந்துவிட்டது, எனக்குப் படிக்க முடியவில்லை என்பதுதான். சரக்கு பெரும்பாலும் கிடங்கிலேயே இருக்கும். கம்ப்யூட்டர்கள் வழக்கமாகப் போடும் விரைவு ஃபார்மேட் புது வெற்றுப் பேரேட்டை வைக்கிறது. கிடங்கைக் காலி செய்வதில்லை. அதன்மேல் புதுப் பாட்டு ஏற்றினால்தான் பழையது உண்மையில் அழியும். ஆகவே அந்தக் கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை வெளியே எடுத்து, எதையும் ஏற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் ஃபார்மேட் ஆகிவிட்டாலும் அதே விதிதான்.

பொங்கல் லீவுக்கு நான் போனபோது கார்டு மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது. அது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. கிடங்குக்குள் நேராகப் போய் மூட்டை மூட்டையாகத் திறந்து, இது பாட்டு, இது படம், இது குரல் பதிவு என்று இனம் கண்டு வெளியே எடுத்து வைக்கும். மீட்டதை அதே கார்டில் வைக்கக் கூடாது. லேப்டாப்பில் தனி ஃபோல்டரில் வைத்தேன். முக்கால் மணி நேரம் ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை; எல்லாம் எண்கள்.

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். சினிமாப் பாட்டு, சினிமாப் பாட்டு, பாதியில் அறுந்த ஐயப்பன் பாட்டு, யாரோ கூப்பிடும் சத்தம். சித்தப்பா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகு ஒரு பதிவில் தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் கேட்டது. "நிறுத்து நிறுத்து, இதுதாம்ப்பா" என்றார், குரல் வருவதற்கு முன்பே.

அப்பத்தாவின் பதிவுகள் பதினான்கு இருந்தன என்றார் அவர். பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒன்றில் பாட்டே இல்லை. அப்பத்தா இருமுகிறார், கோழி கத்துகிறது, "அடுப்பப் பாரு" என்று யாரிடமோ சொல்கிறார், முடிந்துவிடுகிறது. இதை அழித்துவிடவா என்று கேட்டேன். "ஏம்ப்பா, அதுலதான ஆத்தா பேசுது" என்றார்.

இப்போது அந்தப் பதினொன்றும் அவருடைய புது கார்டில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று, திருப்பூரில் இருக்கும் தங்கச்சியின் போனில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. பழைய கார்டை அவர் தூக்கிப் போடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார்.